இரு காதுக்கும் இசை தந்த என்ஜினீயர்

வீட்டில் இசைத்தட்டு சுழல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறோம். பிடில் இடது பக்கம் ஒலிக்கிறது. மிருதங்கம் வலது பக்கம் ஒலிக்கிறது. பாடகர் நடுவில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கிறது.

கண்ணைத் திறந்து பார்த்தால் நடுவில் ஒன்றுமே இல்லை. இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர், வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். ஆனாலும் பாட்டு நடுவில் இருந்துதான் வருகிறது!

இதற்கு ஸ்டீரியோ என்று பெயர். இரண்டு ஒலிகளையும் ஒரே இசைத்தட்டில் அடக்க வழி கண்டவர் ஓர் ஆங்கிலேய என்ஜினீயர். அவர் பெயர் ஆலன் பிளம்லைன்.

அதைக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 28. அகால மரணம் அடைந்தபோது வயது 38. தமது கண்டுபிடிப்பு கடைகளில் விலைக்கு வந்ததை அவர் பார்க்கவே இல்லை.

மணியைப் பழுது பார்த்த சிறுவன்

ஆலன் பிளம்லைன் 1903-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி லண்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜெர்மனியில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறியவர். தாயார் ஒரு ஸ்காட்லாந்து பாதிரியாரின் மகள்.

ஆலனுக்கு 7 வயது இருக்கும்போது வீட்டு வாசலில் இருந்த மின்சார அழைப்பு மணி கெட்டுப்போய்விட்டது. சிறுவன் அதைக் கழற்றினான். பழுது பார்த்து மாட்டினான். மணி அடித்தது. அதோடு விட்டானா? இல்லை. வேலைக்குக் கூலி கேட்டு, தந்தைக்கு ஒரு பில் எழுதிக் கொடுத்தான். அதன் அடியில் தன் பெயரைப் போட்டு, மின்சார என்ஜினீயர் என்று பட்டமும் போட்டுக்கொண்டான்!

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் படிப்பு மட்டும் சரியாக வரவில்லை. 12 வயது வரை அவனுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது என்று அவருடைய சகோதரி பின்னாளில் சொன்னார். பிளம்லைன் அதை மறுக்கவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும், அந்த வயதிலேயே கடினமான கணக்குகளைப் போடத் தெரிந்திருந்தது என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்வாராம்.

ஆலன் சிறுவனாக இருந்தபோதே, 1914-ல், தந்தை இறந்துவிட்டார். ஆனாலும் படிப்பு நிற்கவில்லை. தாமதமாக எழுத்தைக் கற்ற அந்தப் பையன் உதவிச் சம்பளம் பெற்று லண்டன் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தான். 1923-ல் முதல் வகுப்பில் தேறி வெளியே வந்தான்.

வால்வு என்னும் மாயக் குழாய்

1924-ல் பிளம்லைன் ஒரு டெலிபோன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 

நெடுந்தூரம் போகும் டெலிபோன் கம்பியில் குரல் போகப் போகத் தேய்ந்துவிடும். வழியில் அதைப் பெரிதாக்க வேண்டும். அதற்கு அந்தக் காலத்தில் இருந்த கருவி வால்வு.

வால்வு என்பது பல்பு போன்ற ஒரு கண்ணாடிக் குழாய். உள்ளே காற்று கிடையாது. அதில் உள்ள ஒரு கம்பி சூடானால், அந்தச் சூட்டில் மின் அணுக்கள் கிளம்பும். எதிரே உள்ள தகட்டை நோக்கி அவை பாயும். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு வலை இருக்கிறது. வலைக்குக் கொடுக்கும் சிறு மின்சாரம், பாயும் பெரிய மின்சாரத்தைக் கூட்டும், குறைக்கும்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு இது எளிதில் விளங்கும். மடைப்பலகையை ஒரு கையால் தூக்கலாம், இறக்கலாம். ஆனால் அதற்குக் கட்டுப்பட்டு ஓடுகிற தண்ணீரோ பெரு வெள்ளம். வால்வில் உள்ள வலை, மடைப்பலகை போன்றது.

ஒரு கம்பியில் பேசுவது பக்கத்துக் கம்பியில் கேட்கும் தொல்லையும் டெலிபோனில் இருந்தது. பிளம்லைன் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அதற்குப் பரிகாரம் தேடினார். மனிதனுடைய காது எப்படிக் கேட்கிறது என்றும் ஆராய்ந்தார். இந்த அனுபவம் பிற்பாடு பெரிய உதவியாக இருந்தது.

கிராமபோன் கம்பெனியில்

1929-ல் அவர் கொலம்பியா கிராமபோன் கம்பெனிக்கு மாறினார். அங்கே ஐசக் ஷோன்பெர்க் என்பவர் அவருக்கு மேலதிகாரி. திறமைசாலிகளைக் கண்டுபிடித்து, அவர்கள் போக்கில் வேலை செய்யவிடுவது ஷோன்பெர்க்கின் வழக்கம்.

அப்போது கம்பெனிக்கு ஒரு தலைவலி இருந்தது. மைக் வைத்து மின்சார முறையில் பாட்டைப் பதிவு செய்யும் கருவிக்கு அமெரிக்கர்கள் பேட்டண்ட் உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். அதைப் பயன்படுத்தினால், விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். அவர்களுடைய உரிமையில் தலையிடாத புதிய கருவி ஒன்று வேண்டும். இதுதான் பிளம்லைனுக்குக் கொடுத்த முதல் வேலை.

அவர் கூட்டாளிகளுடன் சேர்ந்து அதைச் செய்து முடித்தார். புதிய கருவி பழையதைவிடத் தெளிவாகப் பதிவு செய்தது. கம்பெனிக்குப் பணமும் மிச்சம் ஆயிற்று!

1931-ல் கொலம்பியா கம்பெனியும், எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியும் ஒன்றாகச் சேர்ந்தன. புதிய கம்பெனிக்கு இ.எம்.ஐ. என்று பெயர். குழாய் முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டுகளை நம் தாத்தா பாட்டிமார் நன்கு அறிவார்கள்.

சினிமாக் கொட்டகையில் தோன்றிய யோசனை

அதே ஆண்டில் ஒருநாள் பிளம்லைன் சினிமா பார்க்கப் போனார். டோரீன் என்ற பெண்ணும் உடன் வந்தார். பின்னாளில் அவருக்கு மனைவி ஆனவர் இவர்தான்.

அது பேசும் படம் வந்த புதிது. நடிகர் திரையின் ஒரு கோடியில் இருந்து மறு கோடிக்கு நடந்து போனார். ஆனால் அவர் குரல் மட்டும் ஒரே இடத்தில் நின்றது. உருவம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்! கொட்டகையில் இருந்த மற்றவர்கள் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிளம்லைனுக்கு அது பொறுக்கவில்லை. ஆள் போகும் இடத்துக்குக் குரலும் போகும்படி செய்ய தம்மிடம் ஒரு வழி இருப்பதாக அவர் டோரீனிடம் சொன்னார்.

அது என்ன வழி?

இருட்டில் ஒரு குழந்தை அழுகிறது. எந்தப் பக்கம் அழுகிறது என்று தாய்க்கு உடனே தெரிந்துவிடுகிறது. எப்படி? பக்கத்தில் உள்ள காதுக்கு ஒலி முதலில் வருகிறது. மறு காதுக்கு ஒரு கண நேரம் பிந்தி வருகிறது. இந்த வித்தியாசம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பக்கம் என்று கணக்குப் போட்டுச் சொல்லிவிடுகிறது.

ஒரு மைக்கும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் இந்த வித்தியாசம் அழிந்துபோகிறது. ஆகவே இரண்டு மைக்குகளை வைத்து, இரண்டு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து, இரண்டு ஸ்பீக்கர்களில் கொடுக்க வேண்டும். இதுவே பிளம்லைனின் யோசனை.

ஒரு முள், இரண்டு பாட்டு

ஆனால் இசைத்தட்டில் ஓடுவது ஒரே முள். ஒரு முள்ளால் இரண்டு ஒலிகளை எப்படி எடுப்பது?

இசைத்தட்டில் வாய்க்கால் போல ஒரு கோடு சுற்றிச் சுற்றிப் போகிறது. அந்த வாய்க்காலுக்கு இரண்டு கரைகள் உண்டு. ஒரு கரையில் இடது காதுக்கு உரிய ஒலியை வெட்டலாம். மறு கரையில் வலது காதுக்கு உரிய ஒலியை வெட்டலாம். கரைகள் இரண்டும் சரிவாக, ஒன்றுக்கொன்று மூலைமட்டமாக இருந்தால், ஒரு கரையின் அசைவு மறு கரையைப் பாதிக்காது. முள் ஒன்றுதான். ஆனால் அது இரண்டு கரைகளையும் ஒரே நேரத்தில் தடவிக்கொண்டு போகும். இரண்டு அசைவுகளையும் பிரித்து எடுத்துவிடலாம்.

எவ்வளவு எளிய யோசனை! ஆனால் அதுவரை யாரும் அதை முழு முறையாக வகுத்துக் காட்டவில்லை.

1931-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி பிளம்லைன் பேட்டண்டுக்கு மனுச் செய்தார். அந்த ஒரே மனுவில் 70 உரிமைகள் கோரப்பட்டிருந்தன. மைக்கை எப்படி வைப்பது, இசைத்தட்டில் எப்படி வெட்டுவது, சினிமாப் படச்சுருளில் எப்படிப் பதிவு செய்வது எல்லாம் அதில் இருந்தன. 1933-ல் பேட்டண்ட் கிடைத்தது. அதே ஆண்டில் டோரீனுடன் அவருக்குத் திருமணமும் நடந்தது.

ரெயில் வந்தது, வாங்க ஆள் வரவில்லை

1933 கடைசியில் சோதனைகள் நடந்தன. என்ஜினீயர்களே மைக் முன்னால் நடந்தார்கள், பேசினார்கள். குரல் ஆளோடு நடந்தது! 1934 ஜனவரியில் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் சர் தாமஸ் பீச்சம் நடத்திய பெரிய வாத்தியக் குழு மோசார்ட்டின் இசையை வாசித்தது. பிளம்லைன் அதை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1935-ல் ஹேஸ் ரெயில் நிலையத்துக்கு ரெயில் வருவதையும் போவதையும் படம் எடுத்தார்கள். திரையில் ரெயில் நகர, சத்தமும் கூடவே நகர்ந்தது.

சோதனை வெற்றி. ஆனால் காலம் சரியில்லை. அது உலகம் முழுவதும் பணமுடை வாட்டிய சமயம். இசைத்தட்டு வாங்கவே பலரிடம் காசு இல்லை. இரண்டு ஆம்ப்ளிபயர், இரண்டு ஸ்பீக்கர் யார் வாங்குவார்கள்? கம்பெனி ஸ்டீரியோவை ஒதுக்கி வைத்தது. பிளம்லைனை டெலிவிஷன் வேலைக்கு அனுப்பியது.

அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த வேலையிலும் முழு மனதுடன் இறங்கினார். 1936 நவம்பர் 2-ந் தேதி லண்டனில் பி.பி.சி. டெலிவிஷன் ஒளிபரப்புத் தொடங்கியது. அதில் பயன்பட்ட இரண்டு முறைகளில் ஒன்று பிளம்லைன் குழுவினர் உருவாக்கிய முறை. சில மாதங்களில் மற்ற முறை கைவிடப்பட்டது. இவர்களுடையதே நிலைத்தது.

இந்தச் சமயத்தில் அவர் வால்வுகளைக் கொண்டு இரண்டு உபாயங்கள் செய்தார். ஒன்று, 1936-ல் செய்த ஜோடி வால்வு முறை. கம்பியில் கலந்து வரும் வேண்டாத இரைச்சலை இது தள்ளிவிடும். வேண்டிய ஒலியை மட்டும் பெரிதாக்கும். மற்றொன்று, 1937-ல் செய்தது. ஆம்ப்ளிபயரில் உள்ள டிரான்ஸ்பார்மர் சுருளின் இடையில் இருந்து ஒரு கம்பியை எடுத்து வால்வுக்கே திருப்பிக் கொடுப்பது. இதனால் ஒலி சிதையாமல் வரும். இவை இரண்டும் பின்னாளில் இசைப் பிரியர்களின் வீட்டுக்கே வந்து சேர்ந்தன. அதைப் பிறகு பார்ப்போம்.

கடைசிப் பயணம்

1939-ல் உலகப் போர் மூண்டது. பிளம்லைன் ராடார் வேலைக்கு வந்தார்.

இரவில் பறக்கும் விமானத்துக்குக் கீழே ஊர் எது, ஆறு எது என்று தெரியாது. மேகம் மூடினால் இன்னும் மோசம். ரேடியோ அலைகளைக் கீழே அனுப்பி, திரும்பி வரும் அலைகளைக் கொண்டு தரையின் படத்தைத் திரையில் காட்டும் ஒரு ராடார் கருவி தயாராகிக்கொண்டு இருந்தது. அதன் பெயர் எச்-டு-எஸ். அது பரம ரகசியம்.

1942-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கருவியைச் சோதித்துப் பார்க்க பிளம்லைன் ஒரு ஹாலிபாக்ஸ் விமானத்தில் ஏறினார். அவருடன் வேலை செய்த 2 என்ஜினீயர்கள், மற்ற விஞ்ஞானிகள், விமானப் படையினர் உட்பட மொத்தம் 11 பேர் அதில் இருந்தார்கள்.

வானத்தில் வலது பக்க என்ஜின் ஒன்று தீப்பிடித்தது. தீ அணையவில்லை, பரவியது. இங்கிலாந்து - வேல்ஸ் எல்லைக்கு அருகே விமானம் தரையில் விழுந்து எரிந்தது. 11 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

காரணம் என்ன? பிறகு விசாரணையில் தெரிந்தது. என்ஜினைப் பழுது பார்த்தபோது ஒரு சிறு நட்டு சரியாக முறுக்கப்படவில்லை. பறக்கும்போது அது தளர்ந்தது. அதனால் என்ஜினில் ஒரு பாகம் உடைந்து, பெட்ரோல் பற்றிக்கொண்டது.

ஒரு நட்டு. 11 உயிர்கள்!

பிளம்லைன் பேரில் அப்போது 128 பேட்டண்டுகள் இருந்தன. வீட்டில் டோரீனும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள்.

போர்க்காலம் அல்லவா? விபத்தின் விவரம் ரகசியமாக வைக்கப்பட்டது. இவ்வளவு பெரிய என்ஜினீயரை இழந்த செய்தி எதிரிக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தார்கள். சாதாரண மனிதர் இறந்தால்கூடப் பத்திரிகையில் நாலு வரி வரும். பிளம்லைனுக்கு அப்போது அதுவும் வரவில்லை.

அவர் விட்டுச் சென்ற வேலையை நண்பர்கள் முடித்தார்கள். 8 மாதம் ஆவதற்குள், 1943 ஜனவரி கடைசியில், எச்-டு-எஸ் ராடார் போரில் இறங்கிவிட்டது.

உலகம் கேட்டது

போர் முடிந்தது. 1948-ல் அமெரிக்காவில் எல்.பி. இசைத்தட்டு வந்தது. அது பழைய தட்டைப் போல எளிதில் உடையாது. வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. பழைய தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். பெரிய தட்டிலேயே ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிடம்தான் பாடும். எல்.பி. 33 1/3 சுற்று. ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் பாடும்.

பிளம்லைனின் பேட்டண்ட் 1952-ல் காலாவதி ஆனது. 1958-ல்தான் ஸ்டீரியோ எல்.பி. இசைத்தட்டுகள் கடைகளில் குவிந்தன. ஒரு வாய்க்கால், இரண்டு கரை, ஒரு முள். 1931-ல் அவர் எழுதி வைத்த அதே முறை! ஆனால் உரிமைப் பணம் வாங்க ஆளும் இல்லை, உரிமையும் இல்லை.

முதல் செட் வாங்குகிறவர் கவனிக்க

இன்று கைப்பேசியிலேயே பாட்டுக் கேட்கலாம். ஆனாலும் இசைத்தட்டும் வால்வு ஆம்ப்ளிபயரும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல்முறையாக அப்படி ஒரு செட் சேர்க்கிறவர், ஒவ்வொரு பாகத்திலும் பிளம்லைனைச் சந்திக்கலாம்.

முதலில் தட்டுச் சுழலும் கருவி. அது ஆடாத மேஜையில், மட்டமாக இருக்க வேண்டும். முள் தட்டை அமுக்கும் பாரம் இரண்டு கிராம் அளவில் இருக்கும். முள்ளைச் செய்தவர் சொல்லும் பாரத்தையே வைக்க வேண்டும். பாரம் கூடினால் தட்டு தேயும். குறைந்தால் முள் துள்ளும், அதுவும் தட்டைக் கெடுக்கும். முள் தடவுவது பிளம்லைன் வகுத்த இரண்டு கரைகளை.

அடுத்து, முன் ஆம்ப்ளிபயர். முள்ளில் இருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறிது. ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கு அளவுதான். தவிர, தட்டில் வெட்டும்போது கனத்த ஒலியைக் குறைத்தும், கீச்சு ஒலியைக் கூட்டியும் வெட்டியிருப்பார்கள். அதைத் திரும்பச் சரிசெய்வதும் இந்தக் கருவியின் வேலை.

பிறகு வால்வு ஆம்ப்ளிபயர். பல ஆம்ப்ளிபயர்களில், இரண்டு பேர் ரம்பம் இழுப்பது போல, இரண்டு பெரிய வால்வுகள் மாறி மாறி வேலை செய்யும். அவற்றுக்கு ஒலியைப் பங்கிட்டுக் கொடுக்கப் பெரும்பாலும் பயன்படுவது பிளம்லைனின் ஜோடி வால்வு முறை. அவருடைய டிரான்ஸ்பார்மர் உபாயத்தை 1951-ல் அமெரிக்கர் இருவர் பிரபலப்படுத்தினார்கள். அதன் பிறகு அது எத்தனையோ ஆம்ப்ளிபயர்களில் இடம்பெற்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 300 வோல்ட்டுக்கு மேலும் மின்சாரம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கி நிற்கும். தெரியாதவர் மூடியைத் திறக்கக்கூடாது. வால்வு கடுமையாகச் சுடும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். ஸ்பீக்கர் கம்பியை மாட்டாமல் ஆம்ப்ளிபயரைப் போட்டாலும் டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போகலாம்.

கடைசியாக, ஸ்பீக்கர்கள். இரண்டையும் ஒரே மூலையில் சேர்த்து வைத்தால் பயன் இல்லை. இரண்டு ஸ்பீக்கரும் கேட்கிறவரும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகள் போல, ஒரே அளவு தூரத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பாடகர் நடுவில் வந்து உட்காருவார்.

தாமதமாக வந்த மரியாதை

1977-ல் லண்டனில் பிளம்லைன் வாழ்ந்த வீட்டின் சுவரில் அவர் பெயர் பொறித்த நீல நிறப் பலகை வைக்கப்பட்டது. 2015-ல் அபே ரோடு ஸ்டூடியோவிலும் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். 2017-ல் அமெரிக்காவின் கிராமி தொழில்நுட்ப விருது அவருக்கு அளிக்கப்பட்டது. அவர் இறந்து அப்போது 75 ஆண்டுகள் ஆகிவிட்டன.

1934-ல் அபே ரோட்டில் அவர் பதிவு செய்த மோசார்ட் இசை அழியவில்லை. இன்றும் அதைக் கேட்கலாம். பிடில்கள் ஒரு பக்கம், கனத்த வாத்தியங்கள் ஒரு பக்கம் என்று பிரித்து அறியலாம். கடைகளுக்கு ஸ்டீரியோ வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, அந்த வேறுபாட்டை பிளம்லைன் கேட்டுவிட்டார்.